யந்திரம் வருமுன் நம்மைக் கேட்கட்டும்!

(கிளைப் பொறுப்பாளர் பயிற்சி வகுப்பில், சங்கச் செயலவையிலுள்ள தோட்டக் கிராணிமார் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிவிட்டு, சற்றுப் படுத்து எழவும் நேரமின்றி இங்கு வந்து அமர்ந்திருக்கும் சகோதரர்களே, தாய்மார்களே!

இன்று நமக்குக் கொடுக்கப்பட்டுள்ள பொருள், ஆலைகள் தானியங்கி யந்திரங்களுக்கும் கணினிக்கும் மாறிவரும் காலத்தில், உடலுக்கேற்ற வேலையமைப்பில் தொழிலாளிக்கு என்ன பங்கு என்பதாகும். கேட்பதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் பேசவேண்டிய சங்கதிபோலத் தோன்றும். அப்படி அன்று. நம் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் கண்ணும் சம்பந்தப்பட்ட சங்கதி இது. இதில் நம்மைவிடப் பெரிய நிபுணர் யார்?

எர்கோனாமிக்ஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லைத் தமிழில் பணிச்சூழலியல் என்கிறார்கள். வேலை, விதி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, போலந்து நாட்டு அறிஞர் ஒருவர் 1857ஆம் ஆண்டில் உண்டாக்கிய பெயர் அது. அதன் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும். வேலைக்குத் தக்கபடி மனிதனை வளைக்காதே. மனிதனுக்குத் தக்கபடி வேலையை அமை. அவ்வளவுதான்.

பால்வெட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிமரத்தில் வெட்டு நெஞ்சளவு உயரத்தில் தொடங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டை இறங்கி இறங்கி, கடைசியில் மரத்தின் அடிக்கு வந்துவிடுகிறது. அப்போது ஒவ்வொரு மரத்துக்கும் குனியவேண்டும். ஒரு நிரையில் 500 மரம் என்று வைத்துக்கொண்டால், பசியாறுவதற்குள் 500 முறை இடுப்பு வளைகிறது. பிறகு மேல்பட்டை வெட்டு வருகிறது. நீண்ட பிடியுள்ள கத்தியைத் தூக்கிப் பிடித்து, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணாந்து வெட்டவேண்டும். முதலில் இடுப்பு போயிற்று. பிறகு கழுத்து போயிற்று. நம் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? கத்திப் பிடியில் பழந்துணியைச் சுற்றினார்கள். பிடியின் நீளத்தைத் தம் கைக்கு ஏற்றபடி வெட்டிக்கொண்டார்கள். வாளியை எந்தப் பக்கம் மாற்றித் தூக்கினால் தோள் தாங்கும் என்று கண்டார்கள். எந்தக் கல்லூரியும் அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் இதுதான் பணிச்சூழலியல்! பெயர் தெரியாமலே நாம் செய்துவந்த விஞ்ஞானம்.

இனி ஆலைக்குள் வருவோம். பழைய நாளில் தட்டுகளில் பாலை உறையவைத்து, உருளைகளில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூட்டில் காயவைத்தோம். 1965ஆம் ஆண்டில் மலேசிய ரப்பருக்குத் தரக்குறியீட்டு முறை வந்தது. ரப்பரைத் துகளாக்கி, கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தும் ஆலைகள் பெருகின. ஒரு கட்டியின் எடை 33.3 கிலோ. முப்பது கட்டி சேர்ந்தால் ஒரு டன். அதாவது, முப்பது கட்டிகளைக் கையால் தூக்கி அடுக்கிய தொழிலாளி ஒரு டன் தூக்கிவிட்டார் என்று பொருள்.

அமெரிக்க நாட்டின் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1991இல் திருத்தியமைத்த கணக்கு ஒன்றுண்டு. பாரம் உடலை ஒட்டியிருந்து, தூக்கும் உயரம் சரியாக இருந்து, உடலைத் திருக வேண்டாமல், எப்போதாவது ஒரு முறை தூக்குவதாக இருந்தாலுங்கூட, எல்லை 23 கிலோ என்கிறது அந்தக் கணக்கு. தூரம் கூடினாலும், குனிந்து எடுத்தாலும், அடிக்கடி தூக்கினாலும் அந்த எல்லை இன்னும் குறையும். நம் கட்டியோ தொடக்கத்திலேயே 33.3 கிலோ! ஆகவே, கட்டியைத் தூக்குவதற்கு யந்திரக் கை வருகிறது என்றால் நாம் அதை எதிர்க்கிறவர்கள் அல்லர். வரட்டும், வரவேற்போம். யந்திரத்தை உடைக்கும் கூட்டமல்ல நம் கூட்டம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த யந்திரத்தின் பக்கத்தில் நிற்கப்போகிறவர் யார்? அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நாம் அறிந்த ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஆலையின் பெயர் வேண்டாம். குற்றப்பத்திரிகை படிப்பதற்கு நாம் இங்கே கூடவில்லை. பாடம் படிப்பதற்கே கூடியிருக்கிறோம்.

அந்த ஆலையில் பழைய தராசை எடுத்துவிட்டுத் தானியங்கித் தராசும் ஓடுபட்டையும் வைத்தார்கள். உலர்த்தியிலிருந்து வரும் ரப்பர் எடை போடப்பட்டு, குறைவாயிருந்தால் ஒரு துண்டு சேர்த்து, அதிகமாயிருந்தால் ஒரு துண்டு வெட்டி, அழுத்து யந்திரத்துக்குப் போகவேண்டும். எடையும், எண்ணிக்கையும், நிமிடத்துக்கு எத்தனை என்ற வேகமும் ஒரு திரையில் ஓடும். நிறுவ வந்த பொறியாளர் நல்ல உயரமானவர். தம் கண்ணுக்கு நேராகத் திரையை மாட்டிவிட்டு, இரண்டு நாள் ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அங்கே வேலை செய்கிறவர்களோ நம் வீட்டுப் பெண்கள். ஐந்தடி உயரம், சிலர் அதற்கும் குறைவு. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்டது. ஒரு வாரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்கத் தொடங்கினார்கள். மேற்பார்வையாளரும் பார்த்தார், பேசாமல் போனார். கழுவுநீர் ஓடும் தரை. ஒருநாள் பெட்டி வழுக்கியது. ஒரு சகோதரி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

தோழர்களே, இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். விபத்துப் பதிவேட்டில் காரணம் என்னும் கட்டத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு, பெட்டியின்மேல் ஏறி நின்றார்" என்று எழுதப்பட்டது. எழுதியது யார்? துரை எழுதவில்லை. கிராணிமாராகிய எங்கள் கைதான் எழுதியது. மேலேயிருந்து சொன்னார்கள், எழுதினோம். எத்தனை ஆண்டுகளாக எத்தனை பதிவேடுகளில் இந்த ஒரு சொல்லை எழுதியிருப்போம்! கவனக்குறைவு, கவனக்குறைவு, கவனக்குறைவு!

அந்தச் சகோதரி கட்டுப் போட்ட கையோடு விடுப்புச் சீட்டு கொடுக்க அலுவலகத்துக்கு வந்தார். "அந்தப் பெட்டிமேல ஏன் ஏறினீங்க, அக்கா?" என்று கேட்டோம். "ஏறாம எப்படி ஐயா பார்க்கிறது? அந்தக் கண்ணாடியை ஒரு முழம் கீழே இறக்கி வச்சிருந்தா நாங்க ஏன் ஏறப்போறோம்? முதல் நாளே எங்களுக்குத் தெரியும். யாரு எங்களைக் கேட்டாங்க?" என்றார்.

ஒரு முழம்! அந்த ஆலை யந்திரத்துக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால், திரையை ஒரு முழம் இறக்குவதற்கு நான்கு திருகாணிக் காசுகூட ஆகாது. அந்த ஒரு முழம் எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்தது. அவரைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்காததற்கு விலை ஒரு மணிக்கட்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் கவனக்குறைவு. உண்மையில் கவனக்குறைவு யாருடையது? சிந்தித்துப் பாருங்கள்.

யந்திரம் வந்தால் உடல் உழைப்பு ஒழியும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்லுகிறார்கள். பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு சுலபமா? 1948இல் மாக்வொர்த் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் முள் ஒரேயடியாகத் தாவிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டு சொல்லவேண்டும். முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு, கண்டுபிடிக்கும் திறன் குறைந்துவிடுவதை அவர் கண்டார். சோம்பேறித்தனத்தால் அல்ல, மனித இயற்கையே அதுதான். ஆனால் ஓடுபட்டையில் வரும் ரப்பரில் வேகாத வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று மணிக்கணக்காகப் பார்க்கும்படி ஒருவரை நிறுத்திவிட்டு, ஒன்று தவறினால் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிறார்கள்!

1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் அம்மையார் தானியங்கி முறையின் முரண்பாடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யந்திரத்தால் செய்யமுடிந்ததையெல்லாம் யந்திரத்துக்குக் கொடுத்தபின், எது செய்யமுடியவில்லையோ அது மட்டும் மனிதனுக்கு மிஞ்சுகிறது. நாளெல்லாம் சும்மா பார்த்திருந்தவனை, யந்திரம் தடுமாறும் அந்த ஒரு நிமிடத்தில் மிகக் கடினமான காரியத்தைச் செய் என்கிறார்கள் என்று அதில் எடுத்துக்காட்டினார். நம் ஆலைகளிலும் இதைக் காணலாம். கட்டி சிக்கிக்கொண்டால் கையைவிட்டு எடுக்கவேண்டியவர் யார்? பட்டை நின்றால் ஓடவேண்டியவர் யார்? தூக்கும் வேலை போயிற்று என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே கையால், யந்திரம் வைத்த வேகத்தில் துண்டு வெட்டும் வேலை வந்துவிட்டதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கிராணிமார் மட்டும் தப்பினார்களா? இல்லை. முன்பு செக்ரோல் புத்தகமும், பாலின் அடர்த்தி பார்க்க மெட்ரோலக்கும் எங்கள் ஆயுதங்கள். இன்று கைக்கருவியும் கணினியும் வந்துவிட்டன. சமையலறை நாற்காலி போன்ற ஒன்றில் உட்கார்ந்து, கண் எரிய எரிய எண்களைத் தட்டுகிறோம். நாங்கள் பேனா பிடிக்கிறவர்கள், நீங்கள் கத்தி பிடிக்கிறவர்கள் என்று முன்பு நம்மைப் பிரித்து வைத்தார்கள். இப்போது இருவர் கழுத்தும் ஒரே மாதிரி வலிக்கிறது. இந்த வலியாவது நம்மை ஒன்று சேர்க்கட்டும்!

இனி, வேறு நாட்டுத் தொழிலாளர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். நார்வே நாட்டில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் 1970களின் தொடக்கத்தில் ஒரு புதுக் காரியம் செய்தது. கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞரை முதலாளி பக்கம் இருந்து அல்ல, தொழிலாளர் பக்கம் இருந்து ஆராயும்படி அழைத்தது. ஆலைக்குள் வரும் கணினி முறை நம் வேலையை என்ன செய்யும் என்று தொழிலாளர்களே அவரோடு உட்கார்ந்து படித்தார்கள், பாடநூல் எழுதினார்கள். அதன் விளைவாக 1975இல் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் சம்மேளனத்துக்கும் இடையே நாடு தழுவிய ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய கணினி முறை வருவதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். தனிப் படிப்பு இல்லாதவருக்கும் விளங்கும் மொழியில் தெரிவிக்கவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இதற்கென்று தனிப் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்தார்கள். 1977இல் நார்வேயின் வேலைச்சூழல் சட்டம், அத்தகைய முறைகளை வகுப்பதில் தொழிலாளர் பங்குகொள்ளும் உரிமையை எழுத்திலேயே வைத்தது.

அது பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்று சிலர் கேட்கலாம். ஆசியாவிலேயே வழி இருக்கிறது. 1990களில் ஜப்பானியத் தொழிற்சங்கத்தார் தொடங்கிவைத்த பயிற்சி முறை ஒன்று பாகிஸ்தானில் முதலில் வேரூன்றிப் பல ஆசிய நாடுகளுக்குப் பரவியது. அதன் சூத்திரம் எளிது. குறையிலிருந்து தொடங்காதே, நல்லதிலிருந்து தொடங்கு என்பதே அது. ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கேயாவது எவராவது செய்துவைத்திருக்கும் நல்ல ஏற்பாட்டைக் கண்டுபிடி. அதை மற்றவர்க்குக் காட்டு. செலவு குறைந்ததை முதலில் செய். செய்ததைப் படம் எடுத்து வை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1996இல் வெளியிட்ட பணிச்சூழலியல் சரிபார்ப்பு நூலும் இதே போக்கில், படத்தோடு, நடைமுறைக்கு ஏற்ற சிறுசிறு திருத்தங்களைச் சொல்லுகிறது. அதே நிறுவனம் 2022இல் பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது? இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாகவேண்டும். 1996ஆம் ஆண்டின் விதிகளின்படி, 100 பேர் வரை உள்ள இடத்தில் தொழிலாளர் தரப்பில் குறைந்தது 2 பேர். அதற்கு மேல் என்றால் குறைந்தது 4 பேர். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலையிடத்து ஆபத்துகளை முதலாளி மதிப்பிட்டாகவேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், அதை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நீக்காதபோது, தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ள உரிமை உண்டு. டோஷ் இலாகா 2017இல் வெளியிட்ட பணிச்சூழலியல் வழிகாட்டியிலோ, உடம்பில் எந்த இடத்தில் வலி என்று தொழிலாளி தானே குறிக்கும் படிவமும் இருக்கிறது.

இத்தனை இருந்தும் பாதுகாப்புக் குழுக்கள் பல இடங்களில் எப்படி நடக்கின்றன? கையெழுத்து வாங்கும் கூட்டமாக நடக்கின்றன. தேநீர் வருகிறது, குறிப்பு வாசிக்கப்படுகிறது, கலைகிறார்கள். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்காரவேண்டியவர்கள் நாம்.

ஆகவே, இந்த வகுப்பிலிருந்து ஒவ்வொரு கிளையும் எடுத்துச் செல்லவேண்டிய காரியங்கள் ஐந்து.

முதலாவது, வலிப்படம். ஒரு தாளில் மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரையுங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே ஒவ்வொருவரும் ஒரு புள்ளி வைக்கட்டும். பெயர் எழுதவேண்டாம், என்ன வேலை என்பதை மட்டும் எழுதட்டும். எழுத்தறியாதவரும் புள்ளி வைக்கலாம். ஒரே வேலை செய்யும் பத்துப் பேர் ஒரே தோளில் புள்ளி வைத்தால், அது தனி ஒருவரின் நோயல்ல, அந்த வேலையின் நோய்.

இரண்டாவது, கிராணிமாரின் கடமை. மருத்துவ விடுப்புக் கணக்கும் விபத்துப் பதிவேடும் நாங்கள் எழுதுகிறவை. ஒவ்வொருவரின் அந்தரங்கத்தையும் காத்து, எந்தப் பிரிவில் எத்தனை நாள் விடுப்பு என்ற மொத்தக் கணக்கைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கும்படி நாங்கள் கேட்போம். காரணம் என்னும் கட்டத்தில் ஆளைப் பற்றி எழுதுமுன், தரை எப்படி, உயரம் எவ்வளவு, வேகம் என்ன, எத்தனை மணி நேரம் நின்றார் என்று எழுதுவோம். உங்கள் புள்ளியும் எங்கள் கணக்கும் ஒரே மேசையில் சேரும்போது, அதை மறுப்பது எந்த நிர்வாகத்துக்கும் சுலபமல்ல.

மூன்றாவது, முன்கூட்டியே கேட்பது. யந்திரம் வந்து சிமெண்டில் ஊன்றியபின் கேட்டுப் பயனில்லை. வாங்குவதற்கு முன்பே படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அளவு தெரிய அட்டைப்பெட்டியை அடுக்கி, மரப்பலகையை வைத்து, இங்கே தராசு, இங்கே திரை என்று மாதிரி செய்து, குள்ளமானவர் ஒருவரையும் உயரமானவர் ஒருவரையும் நிற்கவைத்துப் பாருங்கள். வந்தபிறகும் சோதனைக் காலம் என்று சில வாரம் வைத்து, அதன் முடிவில் தொழிலாளர் சொல்லும் திருத்தத்தைச் செய்தபிறகே வேகத்தை நிர்ணயிக்கவேண்டும்.

நான்காவது, எண்களைப் பற்றிய உடன்பாடு. திரையில் ஓடும் கணக்கு வேலையைச் சீர்படுத்துவதற்கா, ஆளைத் தண்டிப்பதற்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பார்வை வேலையில் அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற்றம் கேளுங்கள். மாக்வொர்த் சொன்னது நம் பக்கம் இருக்கிறது.

ஐந்தாவது, எல்லாரையும் சேர்ப்பது. இன்று தோட்டத்திலும் ஆலையிலும் நம்மோடு நிற்பவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளத்தார். நம் தாத்தாமார் கப்பலில் வந்தபோது எந்த நிலையில் இருந்தார்களோ, அந்த நிலையில் இருப்பவர்கள். அவர்கள் தோளும் தோள்தான். 2019 முதல் சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கும் விரிந்திருக்கிறது. வலிப்படத்தில் அவர்கள் புள்ளி இல்லையென்றால் அந்தப் படம் பாதிப் படம். பாதிப் படத்தை வைத்துக்கொண்டு எந்தக் குழுவிலும் பேச்சு எடுபடாது.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். மணிக்கட்டு முறிந்த அந்தச் சகோதரியின் கதையை முடித்துவிடுகிறோம். கை சேர்ந்து அவர் திரும்பி வந்தபோது, அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு அவரையே அழைக்கவேண்டும் என்று கேட்டோம். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அவர் பேச எழுந்தபோது கை நடுங்கியது. "எனக்கு இங்கிலீசு தெரியாது. அளவு தெரியும்" என்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தம்மோடு வேலை செய்யும் ஆறு பெண்களின் கண் உயரத்தையும் அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து கொண்டுவந்திருந்தார். அந்த மாதமே திரை கீழே இறங்கியது. ஏற்றி இறக்கும் தாங்கியும் வந்தது. வழுக்காத மேடையும் வந்தது.

ஆனால் பதிவேட்டில் நாங்கள் எழுதிய அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் கீழே, குழுவின் முடிவுப்படி, "திரை உயரம் பொருந்தாததே காரணம், திருத்தப்பட்டது" என்று தேதியிட்டு இன்னொரு வரி சேர்த்திருக்கிறோம். முதல் வரியை அடிக்கவில்லை. அடுத்து வரும் கிராணி இரண்டையும் படிக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

தோழர்களே! நாம் கேட்பது சலுகையல்ல. யந்திரம் வரட்டும், வருமுன் நம்மைக் கேட்கட்டும். இன்று வீடு திரும்பியதும் ஒரு கயிற்றை எடுங்கள், முடிச்சுப் போடுங்கள், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!